பதினாறு வயதோடு நின்றுவிடும் தூரிகை

பிரெஞ்சுச் சிற்பி ரோதன், தன் கடைசிக் காலத்தில், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நடராஜர் திருமேனிகளின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தார். பார்த்ததை 1913 வாக்கில் எழுதியும் வைத்தார். கால், கை, உதடு என்று ஒவ்வோர் அங்கமாக நின்று நிதானித்து எழுதிய குறிப்புகள் அவை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1921இல் பாரிஸில் அச்சாயின. அந்தப் படங்களில் முதன்மையான திருமேனி திருவாலங்காட்டிலிருந்து போனது. காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. திருத்தணி வட்டத்தில் இருக்கிற ஊர்.

ஒரு சிற்பி கடல் கடந்து போன நிழற்படத்தைப் பார்த்தே அசந்துபோன திருமேனி, இந்த மண்ணில் வழிபடப்பட்டது. இந்தச் செய்தியைத் திருத்தணியில் பிளஸ் ஒன் படிக்கிற, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை முகங்களாலும் கைகளாலும் நிரப்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது? ரயிலேறிப் போய் அதன் முன்னால் உட்கார்ந்து வரையச் சொல்லிக் கூட்டிப்போவது யார்? பள்ளிக்கூடத்தில் அதற்கு நேரமில்லை. வீட்டில் அதற்கு வழியில்லை. மிஞ்சுவது கோடை விடுமுறை ஒன்றுதான்.

அந்த விடுமுறையை, உயர்நிலை, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கான கலைப் பயிற்சிக்கு, அதுவும் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் நடக்கும் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. திருத்தணியிலேயே அது முடியும். கல்லூரி இருக்கிறது. கற்றுக்கொடுக்கச் சுற்றிலும் பொருள் கொட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எந்த வயதில் விடுகிறோம்?

தமிழ்நாட்டில் கோடைக்காலக் கலைப் பயிற்சி என்பது புதிய யோசனை இல்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஆண்டு முழுக்கப் பாட்டு, பரதம், ஓவியம், கைவினை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கின்றன. மே மாதத்தில் மாவட்டங்களில் கோடை முகாமும் நடத்துகின்றன. எழும்பூர் அருங்காட்சியகமும் கோடையில் மாணவர்களுக்குப் பயிற்சி வைக்கிறது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் களிமண்ணும் துணியும் ஓலையும் பிள்ளைகளின் கைக்கு வருகின்றன. பள்ளிக் கல்வித்துறை 2022-23ஆம் கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். மாநில அளவில் வெல்கிறவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டங்களும் உண்டு. இவையெல்லாம் நல்ல காரியங்கள். மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஜவகர் சிறுவர் மன்றத்தின் வயது வரம்பைப் பாருங்கள்: ஐந்து முதல் பதினாறு. பதினாறு முடியும்போது பிள்ளை பிளஸ் ஒன்னிலோ பிளஸ் டூ வாசலிலோ நிற்கிறது. அதுவரை 'படம் நல்லா போடுறான்' என்று பாராட்டிக்கொண்டிருந்த வீடு, 'சரி, மேலே என்ன படிக்கப்போறே?' என்று கேட்கத் தொடங்கும் வயது அது. விளையாட்டாக வரைந்த கை, இனி இதுவே தொழிலா என்று முடிவெடுக்கவேண்டிய வயது. வழிகாட்டல் மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது. போட்டிகள் தொடர்கின்றன, உண்மைதான். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டும் இடம். தெரியாததைக் கற்றுக்கொள்ளும் இடம் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி தெரியாது. வடிவமைப்புப் படிப்புகளுக்கான என்ஐடி, நிஃப்ட் நுழைவுத் தேர்வுகளுக்கும், பம்பாய் ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வுக்கும் சென்னையில் தனியார் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பொருள்களைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது, வண்ணச் சேர்க்கை, வரைந்தவற்றைத் தொகுத்துக் காட்டுவது என்று அத்தனையும் அங்கே பழக்கிவிடுகிறார்கள். பள்ளிப்பட்டிலிருந்தோ ஆர்.கே.பேட்டையிலிருந்தோ ஒரு பிள்ளை அங்கே எப்படிப் போகும்? அப்படியொரு மையம் இருப்பது முதலில் எப்படித் தெரியும்?

டிராயிங் மாஸ்டரின் மே மாதம்

பள்ளிக்கூடம் இதைச் செய்யாதா என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டரின் நிலை என்ன என்று பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. 2012இல் தமிழக அரசு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தியது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று பாடங்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அதுவும் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்காக. பிறகு தொகை படிப்படியாக ஏறியது. ஆனாலும் நெடுங்காலம் மே மாதத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி இல்லை, அதனால் ஊதியமும் இல்லை என்பது கணக்கு. பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் அந்த ஒரு மாதத்தில், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் வேறு கூலிக்குப் போகவேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கையான உண்மையும் உண்டு. டிராயிங் மாஸ்டர்களே கோடையில் உருவானவர்கள்தான். அரசுத் தேர்வுகள் துறையின் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை தேறி, அதன்பிறகு 42 நாள் கோடைக்காலத் தொழிலாசிரியர் பயிற்சியும் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் தமிழகம் முழுக்க இருக்கிறார்கள். வெயில் காலத்தில் 42 நாள் உட்கார்ந்து ஆசிரியராகும் முறை நமக்கு நெடுநாளாகத் தெரியும். அதே வெயில் காலத்தில் அந்த ஆசிரியர்களை வைத்து மாணவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் நடத்த முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒழுங்கான மதிப்பூதியம் கொடுத்துக் கூப்பிட்டால் முதலில் வந்து நிற்கப்போவது அவர்கள்தான்.

கல்லூரியில் ஏன்?

முகாமைப் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடத்தினால் போதாதா? போதாது என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நடத்தினால் அது விடுமுறையின் நீட்சியாகவே இருக்கும். கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போகிற பதினாறு வயதுப் பிள்ளை, இன்னும் இரண்டு ஆண்டில் தான் நிற்கப்போகும் இடத்தைப் பார்க்கிறது. நூலகத்தைப் பார்க்கிறது. பேராசிரியர் என்பவர் பேசிப் பழகக்கூடிய மனிதர் என்று தெரிந்துகொள்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றோரிடம் 'காலேஜ்ல நடக்குது' என்று சொன்னால் கிடைக்கும் மதிப்பே தனி. பெண்பிள்ளைகளை அனுப்புவதற்கும் அந்தச் சொல் உதவும்.

உலகத்தில் இதை முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் 1963இல், டெரி சான்ஃபோர்ட் ஆளுநராக இருந்தபோது, வின்ஸ்டன்-சேலம் நகரத்துச் சேலம் கல்லூரியில் 'ஆளுநர் பள்ளி' என்ற கோடைப் பள்ளி தொடங்கியது. பள்ளி மாணவர்கள் கல்லூரி விடுதியில் தங்கி, ஓவியமும் இசையும் நாடகமும் நடனமும் கற்றார்கள். கணக்கும் அறிவியலும் படிக்க வந்தவர்களும் அதே வளாகத்தில் இருந்தார்கள். மதிப்பெண் கிடையாது. பிற மாநிலங்களும் அதைப் பார்த்துத் தொடங்கின. ஆனால் அதன் பின்கதையையும் சொல்ல வேண்டும். நிதி நெருக்கடி வந்ததும் பென்சில்வேனியா 2009இல் தன் கோடைப் பள்ளிகளை மூடிவிட்டது. வட கரோலைனாவில் 2011இல் அரசு கையை விரித்தபோது பழைய மாணவர்கள் பணம் திரட்டி அடுத்த கோடையை நடத்திக் காட்டினார்கள். அரசு ஒதுக்கும் பணத்தை மட்டும் நம்பினால் முதலில் வெட்டுப்படுவது கலைதான். முன்னாள் மாணவர்கள் என்ற கூட்டம் ஒன்று உருவாகிவிட்டால் அதை எளிதில் மூட முடியாது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னை பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அதற்குத் தலைமை வகித்தார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவருடையது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இந்தப் பெருமையெல்லாம் நமக்குத் தெரியும். கிராமத்துப் பிள்ளை அந்த வாசலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1938இல் துறையூர்ப் பக்கத்துக் கீழக்குறிச்சியில் பிறந்தவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களும், தமிழ் நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் போட்ட அட்டைகளும் ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றின. அவர் நேராகப் போய்க் கல்லூரியில் சேர்ந்துவிடவில்லை. சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டலைப் பெற்று, அதன்பிறகே ஓவியக் கல்லூரி மாணவரானார். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு தனபால் கிடைத்தார். கிடைக்காமல் போன ஆதிமூலங்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் பதிவிருக்காது. கோடைப் பயிற்சி செய்யவேண்டியது இந்த வேலையைத்தான்: தற்செயலாகச் சிலருக்கு வாய்த்ததை, கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வாய்க்கும்படி செய்வது.

திருத்தணியில் சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. நுண்கலைப் பட்டப் படிப்பு அங்கே இல்லை. அதற்குச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போகவேண்டும். ஆனால் கோடைப் பயிற்சிக்கு நுண்கலைத் துறை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வகுப்பறை, தண்ணீர், கழிப்பறை, மரநிழல், பூட்டி வைக்க ஓர் அறை, பொறுப்பேற்க ஒரு பேராசிரியர். இவ்வளவு போதும். கற்றுக்கொடுக்கச் சென்னைக் கல்லூரியின் முதுநிலை மாணவர்களும் பழைய மாணவர்களும் வரட்டும். மின்சார ரயில் திருத்தணி வரைக்கும் வருகிறதே.

எதைப் பார்த்து வரைவது?

இதில்தான் திருத்தணி மற்ற ஊர்களைவிடப் பல படி மேலே நிற்கிறது.

மலைமேல் முருகனைக் கும்பிட 365 படி ஏறுகிற கூட்டத்தில் பலர், கீழே ஊருக்குள் இருக்கிற வீரட்டானேசுவரர் கோயிலைப் பார்ப்பதில்லை. பல்லவர் காலத்தின் கடைசிப் பகுதியில், ஒன்பதாம் நூற்றாண்டில், அபராஜிதவர்மன் ஆட்சியில் நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி. பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. அபராஜிதவர்மனே பாடியதாகக் கல்வெட்டே சொல்லும் ஒரு வெண்பாவும் அங்கே உண்டு. சிறிய கோயில். ஓவியம் கற்கும் பிள்ளைக்கு அந்தச் சிறுமைதான் வசதி. முழுக் கட்டடமும் ஒரே பார்வையில் அடங்கும். காலை ஏழு மணிக்கு வளைந்த சுவரில் வெயில் எப்படி நழுவிப் போகிறது, ஒன்பது மணிக்கு மாடத்துத் தட்சிணாமூர்த்தியின் முகத்தில் நிழல் எங்கே விழுகிறது என்று உட்கார்ந்து வரைந்தால், ஒளியும் நிழலும் பற்றிப் புத்தகத்தில் படிக்கவேண்டிய தேவையே இருக்காது.

அடுத்தது கூத்து. சித்திரை வைகாசியில் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். இரவெல்லாம் தெருக்கூத்து. எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். பொடி வண்ணத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் எழுதுகிறார்கள்; துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. ஒப்பனை நடக்கும் கொட்டகையில் ஒரு பிள்ளையை நோட்டோடு உட்கார வைத்தால் போதும், முகத்தின் எலும்பும் தசையும் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அன்றைக்கே புரிந்துவிடும்.

பதினெட்டாம் போர் அன்று படுகளம். திறந்த வெளியில், மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணாலேயே உருவாக்குகிறார்கள். ஆளுயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். தரையில் நின்று பார்க்கிற கூட்டத்துக்குத் தலையும் மார்பும் தொடையும் பொருத்தமாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் நின்று மண் அப்புகிறவருக்கோ முழு உருவம் கண்ணில் படாது. அந்த அளவைக் கயிறும் காலடியும் கொண்டு கணிக்கிற மூத்த கைவினைஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தச் சிற்பக் கல்லூரியிலும் இத்தனை பெரிய மண் உருவத்தை மாணவர்கள் செய்து பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அரிது. இங்கே அது கோடைதோறும் ஊருக்குள் நடக்கிறது. விழா முடிந்ததும் மண்ணோடு மண்ணாகப் போய்விடுகிறது. அதன் அளவுகளை எழுதி, பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேலிருந்து பார்க்கும் தோற்றத்தையும் வரைந்து பதிவுசெய்வதே ஒரு பயிற்சிக் குழுவுக்கு முழுப் பாடம். ஊருக்கும் அது ஆவணம்.

பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு வண்ணம் புதிதில்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் போனால் துணியில் மூன்றாவதாக எது எழும் என்று அவர்களுக்குப் பழக்கத்திலேயே தெரியும். கட்டம் போட்ட தாளில் அதைத் தாங்களே வடிவமைக்கக் கற்றுக்கொண்டால், கூலிக்கு நெய்கிற வீட்டில் வடிவமைக்கிற கை ஒன்று சேரும்.

எல்லை தாண்டி நகரி, புத்தூர் வழியாகப் போனால் காளஹஸ்தி. கலம்காரி ஊர். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் தோய்த்துக் காயவைத்த துணி. புளியங்குச்சிக் கரியால் முதல் கோடு. மூங்கில் குச்சியில் துணியும் நூலும் சுற்றிய எழுதுகோல். வெல்லக் கரைசலில் இரும்புத் துண்டுகளை நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுத்த நீர், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுப்பாகிறது. படிகாரம் தொட்ட இடத்தில் சிவப்புச் சாயம் பிடிக்கிறது. கடைசியில் சுவர்ணமுகி ஆற்றில் அலசுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு கமலாதேவி சட்டோபாத்யாய எடுத்த முயற்சியால் அங்கே பயிற்சிக் கூடம் அமைந்து, அழியவிருந்த இந்தக் கலை உயிர்பிடித்தது. வேதியியல் படிக்கிற பிளஸ் ஒன் மாணவிக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு உண்டா?

இங்கே இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போய், ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த ஊர். எல்லைக்கோடு வந்த பிறகும் வீடுகளில் இரண்டு மொழியும் புழங்குகின்றன. பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஏராளம். தமிழில் கட்டுரை எழுதத் தயங்குகிற பிள்ளை, பென்சிலைப் பிடித்தால் தயங்காது. காளஹஸ்திக் கலைஞர் தெலுங்கில் சொல்வதைப் பக்கத்துத் தோழிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலை அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தால், அதுவரை வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவருக்கு அன்று முதல் வரிசை.

செய்ய வேண்டியவை

வெயிலை முதலில் பேசிவிடலாம். தமிழகத்தில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பெறுகிறது. எனவே காலை ஆறரைக்கு வெளியில் வரைந்துவிட்டு ஒன்பதரைக்கு அறைக்குள் வந்துவிட வேண்டும். நடுப்பகலில் வெளியே வேலை கூடாது. கூத்து பார்க்கும் இரவுக்கு அடுத்த நாள் காலை வகுப்பு வைக்கக் கூடாது.

கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் மே வரை இழுக்கும். மாத இறுதியில் சேர்க்கை வேலை தொடங்கிவிடும். ஆகவே முழுக் கல்லூரியையும் கேட்பது நடக்காது. ஒரு கட்டடத்தை, மே பிற்பாதியில் இரண்டு மூன்று வாரம் கேட்டால் நடக்கும். பத்தாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும் முடித்தவர்களைச் சேர்க்கலாம். தேர்வு வைத்துப் பொறுக்க வேண்டாம். டிராயிங் மாஸ்டரின் பரிந்துரையும், பிள்ளை தானாக வரைந்த நான்கைந்து தாள்களும் போதும்.

கட்டணம் வாங்கினால் வரவேண்டிய பிள்ளைகள் வரமாட்டார்கள். மே மாதத்தில் தறிக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிற பிள்ளை முகாமுக்கு வந்தால் வீட்டுக்கு வரவேண்டிய கூலி போகும். அதற்கு ஈடாக ஒரு சிறு உதவித்தொகையும் வேண்டும். தாள், பென்சில், வண்ணம், மதியச் சாப்பாடு, பேருந்துச் செலவு, கலைஞர்களுக்கு மதிப்பூதியம். கூத்துக் கலைஞரையும் படுகளம் செய்பவரையும் 'சிறப்பு விருந்தினர்' என்று சால்வை போட்டு அனுப்பிவிடாமல், கல்லூரி ஆசிரியருக்கு என்ன தொகையோ அதையே கொடுத்து வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு நாளாவது எல்லாப் பிள்ளைகளையும் எழும்பூருக்கு அழைத்துப் போக வேண்டும். அதிகாலை ரயிலில் கிளம்பினால் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்து வரைந்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கவின் கலைக் கல்லூரியின் ஓவியம், சிற்பம், சுடுமண், அச்சுக்கலைக் கூடங்களுக்குள் நடந்துவிட்டு, மாலை ரயிலில் ஊர் திரும்பிவிடலாம்.

கடைசி நாளில் கண்காட்சி வைத்துப் பெற்றோரை அழைக்கும்போது, கல்லூரியிலிருந்து ஒருவர் கையில் தாளோடு நின்று அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான்காண்டுப் பட்டத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது, செய்முறைத் தேர்வில் என்ன கேட்பார்கள், விடுதி உண்டா என்பவை அந்தக் கேள்விகள். அரசுப் பள்ளியில் படித்துப் பட்டப் படிப்பில் சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். 'படம் போட்டா சோறு கிடைக்குமா?' என்று கேட்கிற அப்பாவுக்குத் தத்துவம் வேண்டாம். துணி வடிவமைப்பு, அனிமேஷன், சினிமாக் கலை இயக்கம், பள்ளி ஆசிரியப் பணி, அச்சகம் என்று இந்தப் படிப்பு முடித்தவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள் என்ற விவரம் வேண்டும்.

மே மாதத்தில் நடக்க வேண்டுமானால் பிப்ரவரிக்குள் கல்லூரி முதல்வரின் இசைவும், கலை பண்பாட்டுத் துறையின் காஞ்சிபுரம் மண்டல அலுவலகத்தின் கலைஞர் பட்டியலும், பள்ளித் தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கையும் தயாராக வேண்டும். பொதுத்தேர்வு தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் வேறெதையும் கேட்கக் காது இருக்காது. திருத்தணி, திருவாலங்காடு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஆகிய நான்கு ஒன்றியங்களின் டிராயிங் மாஸ்டர்களையும் பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமையில் கல்லூரிக்கு வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டாலே பாதி வேலை முடியும். எந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை வரைகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.